எதிரே இருந்த நண்பர்

ஒருவரை அறிந்துகொள்ளப் பல வழிகள் உண்டு. கூடப் பயணஞ் செய்தால் அறியலாம். கடன் கொடுத்தால் அறியலாம். அயல்வீட்டில் குடியிருந்தால் அறியலாம். நான் கண்ட வழி வேறு. அவரோடு பலகை போட்டு ஆடிப் பார்க்க வேண்டும். வேண்டிய எண் விழாதபோது முகம் எவ்வாறு மாறுகிறது? வென்றபின் வாய் எவ்வளவு நீளுகிறது? தோற்றவர் எழுந்து போகும்போது என்ன சொல்லி அனுப்புகிறார்? இம்மூன்றையும் கண்டுகொண்டால் பிறிதொரு சான்று வேண்டியதில்லை.

இந்த மூன்று தேர்விலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் தவறாது தேறிய ஒருவர் எனக்கு நண்பராக வாய்த்தார். 2023ஆம் ஆண்டு மாரிகாலத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "நான் என்ன பேப்பரில வாற மனுசனாகா?" என்று கேட்கக் கூடியவர். அவர் ஓடாவி. மட்டக்களப்பு வாவியிலே ஓடும் தோணிகளுக்குப் பலகை பொருத்தியே வாழ்நாளைக் கழித்தவர். நானோ தமிழ் கற்பிக்கும் பண்டிதன். உளியும் எழுத்தாணியும் எங்கே சந்தித்தன என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு தாயக் கட்டத்தின்மேல் சந்தித்தன.

எங்கள் ஊர் அமிர்தகழி. மட்டக்களப்பு நகரின் வடபாங்கரிலே வாவியைச் சார்ந்து கிடப்பது. கழி என்பது நெய்தல் நிலத்துச் சொல் என்பதை மாணவர் அறிவர். மாமாங்கேசுவரர் கோயில் இவ்வூரிலேயே உள்ளது. ஆடி அமாவாசையன்று தீர்த்தமாட வரும் மக்கள் வெள்ளத்தால் ஊர் நிறையும். மற்றைய நாட்களில் தென்னங்கீற்றின் ஓசையும் தோணிக்காரர் குரலுமே கேட்கும். அத்தகைய அமைதியான ஊரில் பிற்பகற் பொழுதை ஆட்டத்திற் கழிப்பது முதியோர் வழக்கமாயிருந்தது. எனக்கும் நண்பருக்கும் முதல் ஆசான் அவருடைய பெத்தா. அந்த மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சோகி உருட்டுவதில் அவரை வென்றவர் அயலில் இல்லை.

தாயம் என்பது யாதென்று இக்காலத்து இளைஞருக்குச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டம். வெளிச்சுற்றில் 16, உட்சுற்றில் 8, நடுவில் 1. நாற்புறத்தும் நடுக்கட்டத்திலே குறுக்குக் கோடு கீறியிருக்கும். அங்கே நிற்கும் காயை எவரும் வெட்ட முடியாது. நான்கு சோகிகளை உருட்டி, வாய் மேலாக விழுந்தவற்றை எண்ண வேண்டும். ஒன்று மட்டும் மேலாக விழுந்தால் தாயம். நான்கும் கவிழ்ந்தால் எட்டு. தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது. இறங்கிய காய் வெளிச்சுற்றை வலம் வந்து, உட்சுற்றிலே புகுந்து, நடுவீட்டை அடைந்தால் பழமாகும். காயாய்ப் புறப்பட்டது பழமாய் முடியும் என்ற பெயர்ப்பொருத்தத்தை எந்தப் புலவன் கண்டானோ!

இன்னொரு விதியும் உண்டு. எதிரியின் காய் ஒன்றையாவது வெட்டியவனே உட்சுற்றிற் புகலாம். ஒருவரையும் வெட்டாதவன் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இந்த விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லவந்த கதை இதனைப் பற்றியதே.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அப்போது எனக்கு வயது பத்து, அவருக்குப் பதினொன்று. விடிந்தபோது தென்னைகள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன. கூரை இழந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்திலே தங்கின. எங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் அடுத்தடுத்துப் பாய் விரித்தன. பெரியோர் முகத்திலே சிரிப்பில்லை. பிள்ளைகள் அழுவதற்கும் அஞ்சியிருந்தோம். அப்பொழுது அவர் அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துச் சீமெந்துத் தரையிலே கட்டம் கீறினார். சோகியெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று. புளியங்கொட்டைகளைத் தரையில் ஒருபுறம் வெள்ளையாகத் தேய்த்தெடுத்துச் சோகியாக்கினார். பின், என்னைப் பார்த்து எதிர்ப்பக்கத்தைச் சுட்டினார். அன்று தொடங்கிய நட்பு அது.

அடுத்த ஆண்டே அவர் பள்ளியை விட்டு மாமனாரோடு வாடியிலே தொழில் பழகப் போய்விட்டார். நான் படித்தேன். அவர் பிற்பகலில் உளியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். நான் புத்தகத்தை வைத்துவிட்டுப் போவேன். முதிரைப் பலகையிலே அவர் தம் கையாலே செதுக்கிய கட்டம் எங்களுக்கு வாய்த்தது. தோற்றவர் இருவருக்கும் தேநீர் கொண்டுவர வேண்டும் என்பதே பந்தயம். நாற்பத்தைந்து ஆண்டுகளிலும் அதற்கு மேற்பட்ட பந்தயம் வைத்ததில்லை. என் காயை வெட்டும்போதெல்லாம், "குறை நினைக்காத, மச்சான்" என்று சொல்லித்தான் வெட்டுவார். வைத்த காயைத் திரும்ப எடுப்பதில்லை. எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. இருளிலே, நான் சோகியைக் காணமுடியாத வேளையிலும், தமக்குத் தீங்கான எண்ணையே உரக்கச் சொல்லுவார்.

நான் பண்டித வகுப்பிலே தொல்காப்பியம் பயின்ற காலம். எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் 'வல்' என்னும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி உண்டு. வல் என்பது பலகை ஆட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அது பிற சொல்லோடு சேரும்போது உகரம் பெறும். ஆனால் 'நாய்', 'பலகை' என்னும் இரு சொற்கள் வரும்போது அவ்வுகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு: வல்லநாய், வல்லப்பலகை. விதி எளிது, மனப்பாடஞ் செய்துவிட்டேன். ஆயின் ஓர் ஐயம் போகவில்லை. ஆட்டத்துக்குப் பலகை வேண்டும்; நாய் எதற்கு? நாய் என்பது ஈண்டு ஆடுகாய் என்று உரை சொல்கிறது. ஆடுகாய்க்கு நாயென்று ஏன் பெயர் வந்தது என்பதை உரை சொல்லவில்லை. ஆசிரியரைக் கேட்டேன். "தேர்வுக்கு இவ்வளவு போதும்" என்றார்.

அன்று மாலை வாடியில் இருந்தபடி நண்பரிடம் இதைச் சொன்னேன். இலக்கணத்தை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எண்ணிச் சொன்னேனல்லேன், மனச்சுமையை இறக்கினேன். அவர் தம் காய் ஒன்றை விரலாலே தள்ளிக்கொண்டு சொன்னார்: "இதில என்னகா இரிக்கு? ஏவின உடன போகும். எதிரியைக் கண்டாக் கடிக்கும். அடிச்சு விரட்டினாலும் மறுகா வீட்டுக்குத்தான் வரும். நாய் எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்லுற?"

நான் வாயடைத்துப் போனேன். மூன்றே மூன்று சொற்றொடரில் ஓர் உரை. அதுவே மெய்யான காரணமென்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் காயை ஏவியும் வெட்டுண்டும் வீடு சேர்த்தும் பழகிய கை அல்லவா அவ்வாறு சொல்ல முடியும்? நான் சொல்லை ஏட்டிலே கண்டேன். அவர் பொருளைப் பலகையிலே கண்டார். அன்றுமுதல் எந்தச் செய்யுளிலும் தொழிலோ விளையாட்டோ வந்தால், உரையைப் பார்க்குமுன் அத்தொழில் செய்வாரைப் போய்க் கேட்பது என் வழக்கமாயிற்று. மாணவர்க்கும் அதையே சொல்லிவருகிறேன்.

1990ஆம் ஆண்டின் நடுவில் போர் மீண்டும் மூண்டது. ஊர்கள் வெறிதாயின. நாங்களும் இடம்பெயர்ந்தோம், சில மாதங்கள் கழித்துத் திரும்பினோம். என் வீட்டுக் கூரையின் ஒரு பாதி விழுந்து கிடந்தது. அதன் கீழே என் தாயாரின் பல்லாங்குழிக் கட்டை. பதினான்கு குழியிலும் மண் நிரம்பியிருந்தது. ஒரு குழியில் பல்லி முட்டையிட்டிருந்தது. கட்டையைக் கையிலெடுத்தபோது புறநானூற்றின் 52ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது.

மருதன் இளநாகனார் பாடியது அது. பாண்டியனோடு பகைத்த நாடு பாழாவதைப் பாடுகிறார். கடவுள் தூணை விட்டு நீங்கிவிட்டது, பலியிடுவார் இல்லை, பொதுமன்றம் பாழாயிற்று. அந்த மன்றத்திலே நரைத்த முதியோர் அன்றாடம் அமர்ந்து காய் வைத்து வைத்துத் தேய்ந்த குழிகள் உண்டு. இப்போது அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இவ்வளவே செய்தி. எரிந்த வீட்டையும் சிந்திய குருதியையும் புலவர் இவ்விடத்திலே காட்டவில்லை. ஆட்டம் நின்றுபோன ஒரு பலகையைக் காட்டினார். ஊரின் அழிவுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

நண்பருக்கு இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தக் கிழவன்மார் எங்க போனாங்களாம்?" என்று கேட்டார். பாட்டிலே அதற்கு விடையில்லை. நான் கற்றவரும் கற்பித்தவருமான பலரோடு அப்பாட்டைப் பேசியிருக்கிறேன். கான வாரணத்தைப் பற்றிக் கேட்டார்கள். நாய் என்ற சொல்லைப் பற்றிக் கேட்டார்கள். கிழவர்களைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. எங்களூரிலும் திண்ணையில் ஆடிய முதியோர் சிலர் திரும்பிவரவில்லை.

அந்தப் பல்லிமுட்டைக் கட்டையை அவர் வாங்கிக்கொண்டு போய் வாடியின் ஓரத்தில் வைத்தார். முட்டை பொரித்துப் போனபின்னரே துடைத்து மெருகிட்டுத் தந்தார்.

பின்வந்த ஆண்டுகள் ஊரடங்குச் சட்டத்து ஆண்டுகள். மாலையானால் கதவடைப்பு. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. குப்பி விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு இருவரும் ஆடுவோம். அத்தகைய இரவொன்றில் அவர் ஒரு புதுமை செய்தார். நான் ஒரு காயையும் வெட்டாதிருந்தேன். என் காய் உட்சுற்றின் வாயிலுக்கு வந்து நின்றது. விதிப்படி நான் வெளிச்சுற்றையே மீண்டும் வலம் வரவேண்டும். அவர் என் காயை எடுத்து உள்ளே வைத்தார். "இனி இப்பிடித்தான். வெட்டாதவனும் வீடு சேரட்டும்" என்றார்.

நான் மறுத்தேன். விதி விதிதானே என்றேன். தலைமுறை தலைமுறையாய் வந்ததை மாற்ற நாம் யார் என்றேன். இலக்கணம் படித்தவனுக்கு அப்படித்தான் சொல்ல வரும். அவர் சிரித்துக்கொண்டு, "வெட்டினவன்தான் முன்னுக்குப் போகலாம் எண்டுற விதி வெளியில நடக்குதுதானே. இஞ்சயும் வேணுமா?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பழையன கழிவதும் புதியன புகுவதும் கால இயல்பால் குற்றமாகா என்று நன்னூலார் ஒப்புக்கொண்டிருக்கிறாரல்லவா? அன்று முதல் எங்கள் பலகையிலே அவ்விதி கழிந்தது. வெட்டலாம்; வெட்டியே தீரவேண்டும் என்பதில்லை.

இனி, என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை மறைத்து நண்பர் புகழை மட்டும் எழுதுவது முறையன்று.

2001ஆம் ஆண்டு என்னைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. எம்மவர் பெட்டிசம் என்பார்களே, அதுதான். 'தமிழாசிரியர் ஒருவர் மாலை தோறும் தோணி வாடியிலே சூதாடிப் பொழுதுபோக்குகிறார். மாணவர் ஒழுக்கம் என்னாவது?' என்பது அதன் கருத்து. என்னை அழைத்து விசாரித்தவர் பெருந்தன்மையோடு, "மெய்யோ பொய்யோ, பேச்சுக்கு இடம்வைக்க வேண்டாம்" என்றார். நான் தலையசைத்து வந்துவிட்டேன். சூதாட்டமன்று, தேநீருக்கு ஆடும் தாயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வாடி வழியாகப் போவதையும் நிறுத்தி வேறு தெருவாலே மிதிவண்டியில் போகலானேன். பண்டிதன் என்ற பட்டத்துக்கு ஓடாவியின் பாய் இழுக்கென்று அஞ்சினேன் போலும்.

சூதைக் கடிந்தவர் வள்ளுவர். அவ்வதிகாரத்திலே 'கழகம்' என்ற சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. நாம் இன்று கல்விக் கழகம், தமிழ்க் கழகம் என்று பெருமையோடு பெயர் வைக்கிறோம்! சொல்லின் போக்கு அப்படி. ஆனால் அதே வள்ளுவர் கல்லாமையைப் பேசும்போது, நூலறிவு நிரம்பாமல் அவையிலே பேசப் புகுவது கட்டம் கீறாமல் வட்டாடப் புகுவது போன்றது என்கிறார். ஆட்டத்தையே வெறுத்தவராயின் கல்விக்கு அதனை உவமையாக்குவாரா? அவர் வெறுத்தது பொருளைப் பறிக்கும் சூதினை. அரங்கு கீறி அமைதியாக ஆடும் ஆட்டத்தையன்று.

பாரதக் கதையிலும் இவ்விரண்டும் உண்டு. பாரதம் எங்கள் மண்ணிலே கூத்தாகவும் கோயிற் சடங்காகவும் வாழ்கின்ற கதை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே பாண்டவர் வனவாசம் போகும் நிகழ்ச்சியைக் காண மக்கள் திரளுவார்கள். அத்தனை துயருக்கும் சகுனியின் கவறே காரணம். ஆனால் அக்கதையிலேயே இன்னோர் ஆட்டமும் இருக்கிறது. துரியோதனன் மனைவியும் கன்னனும் தனித்து ஆடிக்கொண்டிருந்தார்கள் என்றும், இடையில் அவள் மேகலையின் மணிகள் சிந்தின என்றும், அவ்வேளை வந்த துரியோதனன் சிறிதும் ஐயுறாது, மணிகளைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று வினவினான் என்றும் கதை சொல்லுவோர் உருகிச் சொல்லுவார்கள். வில்லிபுத்தூரார் இதைக் கன்னன் வாயினாலேயே குந்திக்குச் சொல்லுவித்தார். தீயவனென்று நாம் பழிக்கும் துரியோதனன் வாழ்விலே மாசற்ற கணம் ஒன்று உண்டாயின், அது நண்பனை நம்பிய அந்தக் கணம். ஒரே பலகை, சபையிலே சூதாயிற்று, தனியிடத்திலே நட்பாயிற்று. வேறுபாடு பலகையில் இல்லை. இருந்து ஆடுவோர் நெஞ்சிலே இருக்கிறது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். வகுப்பிலே விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும், எழுதியவர் பெயரில்லாத ஒரு கடிதத்துக்கு அஞ்சி, பெயரும் முகமும் அறிந்த நண்பரை மூன்று ஆண்டுகள் விலகியிருந்தேன். கற்றது நெஞ்சிலே தங்காவிட்டால் அது கல்வியா? அவர் என்னைத் தேடி வரவில்லை. எவரிடமும் குறை சொல்லவுமில்லை. பிற்பகலிலே பலகையை எடுத்து வைப்பார் என்றும், இரண்டு பக்கத்துக்கும் தாமே உருட்டுவார் என்றும், என் பக்கத்துக்கு நல்ல எண் விழுந்தால் முகம் மலர்வார் என்றும் அவர் மனைவியார் பின்னாளிலே சொல்லக் கேட்டு நாணினேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. மட்டக்களப்பின் கரையோர ஊர்களுக்கு நேர்ந்ததை விரித்தெழுத என்னால் இயலாது. மூன்றாம் நாள் நாங்கள் சிலர் உணவுப் பொதிகளைச் சுமந்துகொண்டு மக்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மண்டபத்தின் ஒரு மூலையிலே பிள்ளைகள் கூடியிருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நண்பர் தரையிலே கரித்துண்டால் கட்டம் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்திலே ஒரு சிறுவன் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் என் கண்முன்னே மறைந்துபோயின. உணவுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தைச் சுட்டி, "உன்ட பக்கம் சும்மா கிடக்கு. இரிகா" என்றார். இருந்தேன். பிள்ளைகளுக்கு அவர் விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். தாயம் விழுந்தால் இறங்கலாம். குறுக்குக் கோட்டிலே நின்றால் பயமில்லை. வெட்டாமலும் உள்ளே போகலாம். தாயை இழந்த ஒரு சிறுமி முதற்காயைப் பழமாக்கியபோது எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். அந்த மண்டபத்திலே நான் கேட்ட முதல் மகிழ்ச்சி ஒலி அதுவே.

2009இல் போர் ஓய்ந்தபின் எங்களுக்குச் சில அமைதியான ஆண்டுகள் கிடைத்தன. அக்காலத்தில்தான் பலகை ஆட்டங்களைப் பற்றிய நூல்களை நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணிபுரிந்த பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1909இல் வெளியிட்ட 'பண்டை இலங்கை' பற்றிய நூலிலே நம் நாட்டு ஆட்டங்களுக்கும் இடங் கொடுத்திருக்கிறார். நாம் பல்லாங்குழி என்பதைச் சிங்கள மக்கள் 'ஒலிந்த கெலிய' என்பர். ஒலிந்த என்பது குன்றிமணி. இரு மொழிக்காரரும் ஒரே குழியிலே மணி போட்டு ஆடியிருக்கிறோம் என்பதை நண்பருக்குச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும், மரம் வாங்கப் போற இடத்தில ஆடியிரிக்கன்" என்றார்.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றை ஒருநாள் கொண்டுபோனேன். பழைய கிரேக்கர் தம் பலகை ஆட்டத்துக் காய்களை நாய்கள் என்று அழைத்தனர். எகிப்து நாட்டு மக்களின் வழக்கங்களை எழுதி 1836இல் வெளியிட்ட லேன் என்பார், அங்கே அரபு மொழியிலும் ஆடுகாய்க்கு நாய் என்றே பெயர் வழங்கியதைக் குறித்துள்ளார். 1910இல் எகிப்தின் தீப்ஸ் நகரத்துக் கல்லறை ஒன்றிலே கார்ட்டர் கண்டெடுத்த ஆட்டப் பலகையோ ஏறக்குறைய 3800 ஆண்டுப் பழமை உடையது. அதன் காய்கள் நீண்ட குச்சிகள். ஐந்தின் தலையில் வேட்டைநாய், ஐந்தின் தலையில் நரி. தொல்காப்பியர் சொன்ன நாய் தனித்த நாயன்று. உலகமெங்கும் அதற்குச் சுற்றம் இருக்கிறது!

இதை நான் ஒரு மூச்சிலே சொல்லி முடித்தேன். அவர் சோகியை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "பாத்தியா, எல்லா ஊரிலயும் வீட்டுக்குத் திரும்பி வாறதத்தான் நினைச்சிரிக்கானுகள்." நான் அறிஞர் பலர் முன்னிலையிலே பேசியிருக்கிறேன், அத்தகைய பாராட்டைப் பெற்றதில்லை. அவர் அன்று எனக்குத் தந்தது பாராட்டுமன்று, இன்னோர் உரை.

இறுதி ஆண்டிலே அவருக்குச் சிறுநீரக நோய். கைவிரல்கள் நடுங்கின; உளி பிடிக்க முடியவில்லை. சோகியை மட்டும் உருட்டுவார். காயை நான் நகர்த்துவேன், அவர் பக்கத்தையும் சேர்த்து. அவர் காயால் என் காயை வெட்ட வேண்டிய இடத்திலே நான் சற்றுத் தயங்குவேன். "வெட்டு. எனக்காகக் கள்ள ஆட்டம் ஆடாத" என்பார். நோயாளிக்கு இரங்கித் தோற்றுக்கொடுப்பதும் ஒருவகைப் பொய் என்பது அவர் கொள்கை. கடைசி ஆட்டம் முடியவில்லை. அவருக்கு ஒரு காய் நடுவீட்டுக்கு மூன்று கட்டம் இருந்தது. எனக்கு இரண்டு காய் வெளியில் நின்றன. "நாளைக்குப் பாப்பம்" என்றார். அந்த நாளை வரவில்லை. நின்ற காய்களைப் பல நாள் நான் கலைக்கவில்லை.

நூல் வாசிப்பதற்கு ஒருவர் போதும். பாட்டெழுதுவதற்கும் ஒருவர் போதும். பலகை ஆட்டத்துக்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் எதிரி என்று பெயர்பெறுவார். ஆனால் அவர் இல்லையேல் நம் காய்க்கும் நடையில்லை. எதிரே இருப்பவரை அழிக்காமல் அவரோடு எதிர்நின்று பழகுவது எப்படி என்பதை மக்களுக்கு ஆட்டத்தைப்போல எளிதாகக் கற்பிப்பது வேறொன்றில்லை என்று இப்போது எண்ணுகிறேன். அதை முப்பது ஆண்டுப் போர் நடந்த நாட்டிலே, படிப்பில்லாத ஓர் ஓடாவி கண்டு, ஒரு விதியை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆசிரியர்களாகிய நாம் பாட இடைவேளையிலே ஒரு கட்டம் கீறிக்கொடுப்பதால் பாடத்திட்டத்துக்கு ஒரு குறையும் நேராது. வல் என்ற சொல்லை மாணவர் நெட்டுருச் செய்வதைவிட, ஒருமுறை ஆடிப் பார்ப்பது நன்று.

சென்ற ஆடி அமாவாசையன்று நண்பரின் மகளுடைய மகன், ஒன்பது வயதுச் சிறுவன், அந்த முதிரைப் பலகையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். எதிரே உட்கார்ந்து சோகியைக் கையிலே குலுக்கினான். உருட்டுமுன் நிமிர்ந்து, "சேர், வெட்டாமலும் உள்ள போகலாம்தானே?" என்று கேட்டான்.

"போகலாம், மகன். உன்ட அம்மப்பா போட்ட விதி" என்றேன். அவன் உருட்டினான். தாயம் விழுந்தது.